எங்களுக்கு மட்டுமா அனுதின உணவு?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15ஆம் நாள் வந்துவிட்டால் இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கின்றன. மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் ஜூன் 14 வரை 61 நாட்கள் அவற்றுக்குத் தடை. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017இல் 61 நாட்களாக நீண்டது.

படகின் உரிமையாளர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். கூலிக்குத் தொழிலுக்குப் போகிறவரின் வீட்டில் என்ன நடக்கும்? முதலில் கையிருப்பு கரையும். அடுத்து மனைவியின் தோடு அடகுக்குப் போகும். பிறகு வட்டிக்குக் கடன். அதற்குள் பள்ளி திறந்துவிடும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தமிழக முதல்வர் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 131 ரூபாய்!

இந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து, 'பறவைகளைப் பராமரிக்கும் தந்தை உங்களையும் பராமரிப்பார், கவலை வேண்டாம்' என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

இயேசுவுக்கு இருந்தது (மத் 6:25-34). அவர் இதைச் சொன்னது வயிறு நிறைந்தவர்களிடம் மட்டுமல்ல. கலிலேயக் கடலோரத்து ஏழைகளும் அவர் பேச்சைக் கேட்டார்கள். இரவெல்லாம் வலை போட்டும் பாடு இல்லாமல் திரும்பிய சீமோனை, போய் உறங்கு என்று அவர் அனுப்பவில்லை. மீண்டும் ஆழத்துக்குப் போகச் சொன்னார் (லூக் 5:1-11). பறவை விதைப்பதில்லை, ஆனாலும் விடிந்ததும் கூட்டைவிட்டுப் பறக்கிறது. இறைப்பராமரிப்பை நம்புவது கைகட்டி உட்கார்ந்திருப்பது அல்ல.

அன்பார்ந்தவர்களே, ஆண்டவர் கற்பித்த செபத்தில் அனுதின உணவை 'எனக்கு' என்று நாம் கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். நம் கடற்கரையில் இந்தச் சொல்லின் பாரம் அதிகம். பாக் நீரிணையின் அக்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதே செபத்தை அதே தமிழில் சொல்லும் மீனவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் கடல் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 2009இல் போர் முடிந்து அவர்கள் மீண்டும் வலை வீசியபோது, நம் கரையின் விசைப்படகுகள் அங்கே இழுவை மடி இழுத்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய வலைகள் அறுந்தன.

இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடை செய்தது. 2018இல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. நம் மீனவர்கள் கைது செய்யப்படுகிறார்கள், படகுகள் பறிபோகின்றன. மீண்டும் பிடிபட்டவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து, 2024 பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே இராமேஸ்வரம் மீனவர்கள் புறக்கணித்தார்கள். படகு சொந்தமில்லாத கூலித் தொழிலாளி அந்நியச் சிறையில் வாட, இங்கே அவர் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக் காத்திருப்பது பெருங்கொடுமை. ஆயினும் ஒரே புனிதரிடம் இரு கரையும் உணவு கேட்கும்போது, ஒரு கரையின் உணவு மறுகரையின் பட்டினியாகலாமா?

பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொன்னார் இறைவன். மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது (விப 16). கடலடியைச் சுரண்டும் மடியில் பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும் வந்துவிடுகின்றன. நாளைய உணவையும் இன்றே அள்ளிவிடுகிறோம். அப்படிப் பார்த்தால் அந்த 61 நாட்கள் கடலுக்கு ஓர் ஓய்வுநாள். போதும் என்று நிறுத்துவதற்கும் நம்பிக்கை வேண்டும்.

ஆனால் அந்த நம்பிக்கையின் விலையை ஏழை மட்டுமே கொடுக்கக் கூடாது. இழுவைப் படகுகளுக்கு மாற்றாக மூன்று ஆண்டுகளில் 2,000 ஆழ்கடல் படகுகள் என்ற திட்டம் 2017இல் தொடங்கியது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. அத்திட்டம் தொடங்கியபோது படகின் விலை 80 இலட்சம். மானியம் 70 விழுக்காடு போக, 8 இலட்சம் கையிலிருந்தும் 16 இலட்சம் கடனாகவும் வேண்டியிருந்தது. கூலித் தொழிலாளிக்கு இது எட்டுமா? பசித்தவரை வாழ்த்தி அனுப்பிவிட்டு உணவு தராதிருப்பது செத்த நம்பிக்கை என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 2:14-17).

நம்மால் இயன்றது என்ன? தடைக்காலத்தில் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்திருக்கலாம். வட்டியில்லாக் கைமாற்றுக்குச் சிறு நிதி சேர்க்கலாம். ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்கலாம். திருப்பலி மன்றாட்டில் அக்கரை மீனவரையும் சேர்த்துக்கொள்ளலாம். இரு கரை மீனவரும் அமர்ந்து பேச, அரசுகளை விடாமல் வற்புறுத்தலாம்.

உயிர்த்த ஆண்டவர் கரையில் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். ஆனாலும் சீடர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார் (யோவா 21:9-10). அவர் மூட்டிய தீ எரிகிறது. நம் பங்கு மீன் எங்கே? சிந்திப்போம், பகிர்வோம்.