வாய்ச்சுற்றில் கழிக்கப்படும் திறமை

பொறியியல் கல்லூரிகளின் வளாகத் தேர்வில் மாணவர்கள் 'ஜிடி' என்று அழைக்கும் குழு விவாதச் சுற்றைப் பல நிறுவனங்கள் இன்னும் வைத்திருக்கின்றன. 10 பேரை உட்கார வைத்து, தலைப்பை அங்கேயே கொடுத்து, 15 நிமிடம் பேச விடுகிறார்கள். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். ஆனால் அங்கே யாரும் பங்கிடுவதில்லை. முதலில் குரல் எழுப்புகிறவரும், அடுத்தவர் முடிக்கும் முன்பே குறுக்கே புகுகிறவரும் தேறிவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி, யோசித்துவிட்டுப் பேசலாம் என்று காத்திருந்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஆளைக் கழித்துக்கட்டும் கருவியாக இந்தச் சுற்றைப் பயன்படுத்துவதை நிறுவனங்கள் கைவிட வேண்டும்.

கூடிப் பேசினால்தான் நல்ல யோசனை பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் கடந்த நூற்றாண்டின் நடுவில் அதைப் பரப்பினார். 1958-லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைத் தொகுத்தபோது ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும்; அதற்குள் தோன்றியது மறந்துபோகும். முடிவு வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூட்டம் போடும் பழக்கம்தான் குறையவில்லை.

அதிகம் பேசுகிறவருக்கே சாதகமான இந்த ஓரவஞ்சனை வேலைக்குப் போகும் வயதில் தொடங்குவதல்ல. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொல்லியே வளர்க்கிறோம். பெற்றோர் கூட்டத்தில், "நல்லாத்தான் படிக்கிறான், ஆனா கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று ஆசிரியர் சொன்னால், முதல் பாதி யார் காதிலும் விழுவதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் அதிகமான பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பதில்களும் நீண்டன, காரணங்களோடு வந்தன. பைசா செலவில்லாத சீர்திருத்தம் இது. பாடத்தை முடிக்க ஓடும் நம் ஆசிரியர்களுக்கு அந்த இரண்டு விநாடி கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தில் சட்டம் படித்துத் திரும்பிய காந்தி, பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொல்லி, வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார். அந்தக் கூச்சம்தான் சொற்களை அளந்து பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது என்று தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். இன்றைய 'ஜிடி' அறையில் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அமைதியானவர்கள் எல்லோரும் மேதைகள் என்று நாம் வாதாட வரவில்லை. எல்லா மௌனமும் ஒரே வகையும் அல்ல. இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவர் உண்டு. ஆங்கிலம் தடுமாறுவதால் வாயடைத்துப் போகும் முதல் தலைமுறைப் பட்டதாரி உண்டு. பேசினால் அடக்கப்பட்டுப் பழகியவர்களும் உண்டு. பின்னிரண்டு வகையினருக்குப் பயிற்சி தேவை. தமிழக அரசின் 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் அதைத் தரட்டும். முதல் வகையினருக்குத் தேவை பயிற்சியல்ல, வேறு வகையான தேர்வு. வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்குப் பேச்சைச் சோதிப்பது நியாயம். நிரலில் பிழை தேடும் வேலைக்கும், கணக்குத் தணிக்கைக்கும் அதே அளவுகோல் எதற்கு?

வாய்மொழித் தேர்வுக்கு வரம்பு கட்டுவது இந்நாட்டுக்குப் புதிதல்ல. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பணிகளுக்கான நேர்காணலையே எடுத்துவிட்டது. முறைகேட்டைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றாலும், பேச்சுக் குறைந்தவர்களுக்கும் அதில் பலன் கிடைத்தது. குடிமைப் பணித் தேர்வில்கூட மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275 மட்டுமே. மாவட்டத்தை ஆளப்போகிறவருக்கே இவ்வளவு போதுமென்றால், கணினி முன் உட்காரப்போகிறவரைப் பேச்சு ஒன்றை வைத்தே முழுதாகக் கழிப்பது அபத்தம்.

தலைப்பை முந்தைய நாளே கொடுங்கள். ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். பிறகு தனியே அழைத்துப் பேசுங்கள். கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்கள், அடுத்த வளாகத் தேர்வுக்குத் தேதி கொடுக்கும் முன் இந்த நிபந்தனைகளை நிறுவனங்களிடம் எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும்.