வீதியில் செல்லும் அபாயம்

பெற்றோல், சமையல் எரிவாயு, குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின், கல்லுடைப்பதற்கான வெடிமருந்து ஆகியன இன்றியமையாதவை. இவை லொறிகளிலும் பவுசர்களிலும் மக்கள் செறிந்து வாழும் வீதிகளினூடாகவே எடுத்துச் செல்லப்படுகின்றன. ஆயினும், தமது வாசலைக் கடந்து செல்வது என்னவென்பதை வீதியோர மக்கள் பெரும்பாலும் விபத்தின் பின்னரே அறிகின்றனர்.

மட்டக்களப்பு மக்கள் இதனை மறந்திருக்க முடியாது. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி, செங்கலடி - பதுளை வீதியிலுள்ள கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில், வீதி நிர்மாணப் பணிக்கான வெடிமருந்து வைக்கப்பட்டிருந்த கொள்கலன்கள் வெடித்தன. பொலிஸார், பொதுமக்கள், சீனப் பிரஜைகள் இருவர் என 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அது விபத்தென்றே அதிகாரிகள் தெரிவித்தனர். பொலிஸ் நிலையம் களவைத் தடுக்கப் பொருத்தமான இடமாக இருக்கலாம். வெடிமருந்தை நிறுத்தி வைப்பதற்கு அது பொருத்தமான இடமன்று. அபாயப் பொருள் ஓடும்போது மட்டுமன்றி, தரித்து நிற்கும்போதும் அபாயமானதே.

2017 ஜூன் 25ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் எண்ணெய்த் தாங்கி வாகனமொன்று கவிழ்ந்தது. சிந்திய பெற்றோலைச் சேகரிக்க மக்கள் பாத்திரங்களுடன் திரண்டவேளையில் தீ மூண்டு, 200 பேருக்கு மேல் பலியாகினர். அதனைப் பேராசையென இகழ்வது எளிது. வறுமையும் அறியாமையுமே அவர்களை அங்கு அழைத்துச் சென்றன என்பதே எமது கருத்து. எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டின் அனுபவம் நமக்கும் உண்டு.

ஐக்கிய நாடுகள் சபையின் முறைமை அபாயப் பொருட்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, பொருட்களுக்கு இலக்கமிட்டுள்ளது. பெற்றோலுக்கு 1203, குளோரினுக்கு 1017. இவ்விலக்கம் வாகனத்தில் தெளிவாகத் தெரிந்தால், தீயணைப்புப் படையினர் செய்ய வேண்டியதை உடனே உணர்வர். எரியும் பெற்றோல்மீது நீரைப் பாய்ச்சினால் அது நீரில் மிதந்து தீயைப் பரப்பும். குளோரின் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கியும் மேடான இடத்தை நாடியும் விலக வேண்டும்.

இலக்கம் நிபுணர்களுக்குப் போதுமானது, மக்களுக்குப் போதாது. எச்சரிக்கை வாசகங்களும் சாரதியிடமுள்ள அவசர அறிவுறுத்தல்களும் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளில் இது சலுகையன்று, உயிர் காக்கும் தேவையாகும். சாரதிகளுக்கு விசேட பயிற்சியும் போதிய ஓய்வும் வேண்டும். பாதி நிரம்பிய தாங்கியில் திரவம் அலைபாய்ந்து, வளைவுகளில் வாகனத்தையே சாய்த்துவிடக்கூடும். பாடசாலை, சந்தை, வைத்தியசாலை, வணக்கத்தலம் ஆகியவற்றின் அருகே இவ்வாகனங்கள் தரித்து நிற்பதைத் தடுக்க வேண்டும்.

வெடிபொருள் சட்டம் 1956ஆம் ஆண்டு முதலே நமது நாட்டில் உள்ளது. சட்டம் ஏட்டில் இருப்பதனால் மட்டும் உயிர்கள் காக்கப்படுவதில்லை. இன்னொரு கரடியனாறு நிகழ்ந்த பின்னர் விசாரணைக் குழு அமைப்பதைவிட, இன்றே வீதிக்கு இறங்கிப் பரிசோதிப்பது மேலானதென உரியவர்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.