மூணாறு பெண்கள் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார்களா?

வீக் எண்டு டிரிப்பில் மூணாறு டவுன் டிராஃபிக்கில் நீங்கள் ஒருமுறையாவது மாட்டியிருப்பீங்க. 2015 செப்டம்பரில் அதே டவுனில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கண்ணன் தேவன் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள். நாள் கூலி 232 ரூபாய். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைந்தது. அவர்கள் கேட்டது 20.

இந்தியாவில் ஸ்டிரைக் புதுசு இல்லை. இங்கே புதுசு என்னவென்றால், சிஐடியு, ஐஎன்டியுசி, ஏஐடியுசி என எந்தச் சங்கத் தலைவரையும் அவர்கள் பக்கத்தில் விடவில்லை. தேவிகுளம் எம்எல்ஏ எஸ்.ராஜேந்திரன் வந்தபோது துரத்தியே விட்டார்கள். கூடை சுமப்பது நாங்கள், சுகம் உங்களுக்கா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். 'பொம்பிளை ஒருமை' என்ற பெயர் அங்கேதான் பிரபலமானது.

'அரசியலே வேண்டாம்' என்ற கோபமா இது? இல்லை. அப்போது 91 வயதான எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ்.அச்சுதானந்தன் வந்தபோது வரவேற்று நடுவில் உட்கார வைத்தார்கள். செப்டம்பர் 13 அன்று 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீத கருணைத் தொகை, ஆக 20 என்று முடிந்தது. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலிலும் நின்றார்கள். கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். கட்சி மேடை இல்லாத பெண்கள் ஓட்டுப் பெட்டி வரை வந்துவிட்டார்கள். சட்டமன்றத் தேர்தலில் எடுபடவில்லை என்பது வேறு கதை.

'கேட்டது நியாயம், கேட்ட விதம் சரியில்லை' என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. கொஞ்சம் அமெரிக்காவைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தேர்தல் என்றால் தீப்பந்த ஊர்வலம், கூச்சல், அடிதடி. ஆனால் 1876 அதிபர் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 80 சதவீதம் (ஓட்டு ஆண்களுக்கு மட்டும்தான்). பிறகு 'ஒழுங்கு' என்ற பெயரில் விதிகள் வந்தன. ரகசிய வாக்குச்சீட்டு நல்லதுதான். ஆனால் கூடவே வந்த எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் தெற்கில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே தள்ளின. 1924இல் வாக்குப்பதிவு பாதிக்கும் கீழே போனது.

மூணாறில் மரியாதைக் கணக்கு 2017 ஏப்ரலில் தலைகீழானது. மின்துறை அமைச்சர் எம்.எம்.மணி, அந்த ஸ்டிரைக் நாட்களைச் சொல்லி இந்தப் பெண்களைக் கொச்சையாகப் பேசினார். முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் சொன்ன விளக்கம், அது இடுக்கி கிராமத்துப் பேச்சு நடை என்பது. மணி வருத்தம் தெரிவித்தார், கட்சியும் பகிரங்கமாகக் கண்டித்தது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்கணும் என்று பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அவர் வரவில்லை. அமைச்சர் பேசினால் வட்டார வழக்கு, கொழுந்து பறிப்பவள் பேசினால் மரியாதைக் குறைவா?

2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனது. வேலை இருக்கும்வரைதான் லயத்தில் இடம்; சொந்த மண் கிடையாது. முதல்வர் பார்வையிட வந்த நாளில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலம் வேண்டும் என்று கோமதி சாலையில் உட்கார்ந்தார். போலீஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது.