சொன்னா போதுமா? திருப்பிக் கேளுங்க!

திருப்பூர்ல பனியன் துணிக்குச் சாயம் போடற மெஷினைப் பார்த்திருக்கீங்களா? காட்டனுக்கான ரியாக்டிவ் சாயங்கள் பலவற்றுக்கு 60 டிகிரி சூடு வேணும். கன்ட்ரோலர் 3 டிகிரி கூட்டிக் காட்டினா? டிஸ்ப்ளேல 60, தண்ணியில 57. ஷேடு மாறிடும், லாட் திரும்பி வந்துடும்!

இதைக் கண்டுபிடிக்கத்தான் காலிபரேட்டர். பி.டி.100 சென்சாரின் மின்தடை 60 டிகிரியில் 123.24 ஓம். மெஷினை நிறுத்தி, சென்சாரைக் கழற்றிட்டு, காலிபரேட்டரை மாட்டினா, அது அதே ஓமைக் காட்டி சென்சார் மாதிரி நடிக்கும். கன்ட்ரோலர் 60 காட்டணும்.

ஃப்ளூக் 5520ஏ மாதிரி கருவின்னா பட்டனே தட்ட வேணாம். கம்ப்யூட்டர்லேர்ந்தே கட்டளை அனுப்பலாம். முதல்ல சென்சார் வகை. அப்புறம் 'அவுட் 60 செல்'. அனுப்பிட்டு, ஒண்ணுமே நடக்கலையேன்னு முழிக்காதீங்க. கருவி இன்னும் ஸ்டாண்ட்பைலதான் இருக்கு. 'ஓப்பர்'னு இன்னொரு கட்டளை போனாத்தான் அவுட்புட் வரும். 1,000 வோல்ட் வரைக்கும் கொடுக்கிற கருவியாச்சே, அந்த நிதானம் நமக்கு நல்லதுதான்!

இனிமேதான் முக்கியமான மேட்டர். அடுத்து 80க்கு மாறச் சொல்லும் கட்டளையில எழுத்துப்பிழைன்னு வைங்க. கருவி 60லயே நிக்கும். உங்க புரோகிராமோ ரிப்போர்ட்ல 80னு எழுதிட்டுப் போயிட்டே இருக்கும். கன்ட்ரோலர் மேல வீண்பழி!

அதனால ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னாடி 'எர்' போட்டு ஒரு கேள்விக்குறி அனுப்புங்க. பதில் 0ன்னா தப்பில்லை. வேற எண் வந்தா, அங்கேயே நிறுத்துங்க.

உத்தரவு போட யாராலும் முடியும். நடந்துச்சான்னு கேட்கிறவர்தான் இன்ஜினீயர். சரிதானே?