துவிச்சக்கரவண்டியின் சாய்வு

எமது கல்லூரி வாயிலிற் காலைவேளையில் நிற்போர்க்கு ஒன்று புலப்படும். தந்தையாரின் உயர்ந்த கறுப்பு வண்டியில் வரும் மாணவன் அதனைச் சுவரோரத்தில் மறைவாகச் சாத்துகின்றான்; ஹான்டில் தாழ்ந்து வளைந்த பந்தய வண்டியில் வருபவன் நடுமுற்றத்தில் நிறுத்துகின்றான். பழையது இழிந்தது, புதியது உயர்ந்தது என்பது அவர்தம் துணிபு. அது பிழை என்பது எனது கருத்து. விழா மலரிலே தமிழாசிரியன் சில்லைப்பற்றி எழுதுவதா என நண்பர் நகைக்கலாம். நாள்தோறும் 12 கிலோமீற்றர் மிதிப்பவனுக்கு இதிற் பேச உரிமை உண்டு.

வண்டியின் குணம் அதன் வண்ணத்திலன்று, சட்டத்தின் கோணங்களிலும் நீளங்களிலுமே பெரிதும் தங்கியுள்ளது. ஹான்டில் செருகப்பெறும் முன்குழாய் நிலத்தோடு ஆக்கும் கோணம் பந்தய வண்டியில் ஏறத்தாழ 73 பாகை. பழைய வண்டியில் 67 பாகை அளவினது. அக்குழாயின் அச்சை நிலம்வரை நீட்டின், சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது சென்று படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் பந்தய வண்டியில் 5 அல்லது 6 சென்ரிமீற்றர். அது குறைந்தால் வண்டி சிறு தொடுகைக்கும் திரும்பும். கூடினால் நேரே செல்ல விரும்பும். குழாய் மிகச் சாய்ந்தால் தூரம் அளவுக்கு மிஞ்சி, மெல்லச் செல்லும்போது முன்சில்லு ஒருபக்கம் விழப்பார்க்கும். அதனாலன்றோ பழைய வண்டியின் போர்க்கை நன்கு முன்னோக்கி வளைத்தனர்! வளைவு அத்தூரத்தைக் குறைப்பதோடு வீதியின் அதிர்வையும் சிறிது ஏற்கும். இத்தூரம் சிறிதும் இன்றியே தானாக நிமிர்ந்தோடும் வண்டியொன்றை ஆய்வாளர் சிலர் 2011 இற் செய்துகாட்டினர். ஆதலின் நிலைபேற்றுக்கு இஃதொன்றே காரணம் என்பேனல்லேன்.

இனி நீளம். பந்தய வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1 மீற்றர்; பழையதில் அதனினும் 10 சென்ரிமீற்றருக்கு மேற் கூடும். குறுகிய வண்டியிற் பின்சில்லு ஓட்டுபவனுக்கு அண்மையில் நிற்பதால் குழியின் அடி நேரே முதுகில் ஏறும். நீண்டதில் அவன் இரு சில்லுகளுக்கும் நடுவே அமர்வதால் அடி தணிந்து வரும். தடித்த ரயரின் உதவியும் இதிற் பெரிது. கடைக்காரர் உலோகத்தின் பெருமையையே பேசுவர்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்திரளில் யானும் ஒருவன். அப்போது பள்ளிச் சிறுவன். எந்தையார் வண்டியின் பாரில் அரிசிமூடையையும் கரியரிற் பாட்டியாரையும் வைத்து மழையில் தள்ளினார். பின்பகுதி நீண்டதாகையாற் பாட்டியாரின் பாரம் பின் அச்சின்மேலேயே நின்றது. குறுகிய வண்டியாயின் அப்பாரம் அச்சுக்குப் பின்னாற் சென்று, முன்சில்லை இலேசாக்கி, ஹான்டிலை ஆட்டியிருக்கும்.

பந்தய வண்டியை யான் பழிக்கவில்லை. காப்பெற் வீதியிற் குனிந்து காற்றைக் கிழித்துச் செல்வதற்கு அதுவே தக்கது. ஆனால் புத்தகப்பையுடனும் தங்கையுடனும் கல்லொழுங்கையால் வரும் மாணவன் அதனை வாங்கிவிட்டு மணிக்கட்டு நோகின்றது என முறையிடுவது எதன் குற்றம்?

சென்ற மாதம் ஒருவன் தந்தையாரின் வண்டியை இரும்புக்கு விற்கப்போவதாகச் சொன்னான். அவ்விலைக்கு யானே வாங்கிக்கொள்வதாகக் கூறியிருக்கின்றேன். இன்னும் அவன் கொண்டுவரவில்லை.