பழைய புளியும் பழைய ஷாம்பெய்னும்

நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பெங்களூரில் ஒரு பழைய மாணவன் வீட்டில் 2008ஆம் வருஷத்து ஷாம்பெய்ன் இரண்டு வாய் குடித்தேன் என்று போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். "சார், நீங்களா?" என்று 1994 பேட்ச் மொத்தமும் கேட்டுவிட்டது. "அண்ணா, இந்த வயசில் இதெல்லாம் தேவையா?" என்று சித்தி மகள். இன்னொருத்தர், "இது நம்ம கலாச்சாரமா?" என்றார். ஆமாம் குடித்தேன், நன்றாக இருந்தது. ஏன் நன்றாக இருந்தது என்று சொல்வதுதான் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அழகு.

ஷாம்பெய்ன் என்றால் கிரிக்கெட் ஜெயித்ததும் குலுக்கிப் பீய்ச்சி அடிப்பது என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைத்திருக்கிறோம். பிரான்ஸில் ஷாம்பெய்ன் என்ற வட்டாரத்தில் செய்தால் மட்டுமே அந்தப் பெயர். முதலில் திராட்சைச் சாறு சாதாரணமாகப் புளித்து ஒயினாகிறது. பிறகு அதைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். உள்ளே மறுபடி நொதித்தல். பிளஸ் டூவில் நான் எழுதிப்போட்ட அதே சமன்பாடுதான்: சர்க்கரை உடைந்து ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும். ஆனால் வாயு வெளியே போக வழியில்லை. பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் 6 அட்மாஸ்ஃபியருக்கு ஏறுகிறது. டயர் கம்பெனியிலும் லேலண்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னால், கார் டயரில் நாம் அடிக்கிற காற்றைப்போல இரண்டரை மூன்று மடங்கு. அதனால்தான் அந்தப் பாட்டில் அவ்வளவு கனம்.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. விஷயமே இங்கேதான் ஆரம்பம். செத்த ஈஸ்டின் செல் சுவர் மெதுவாக உடைந்து, அதிலிருக்கும் அமினோ அமிலங்களும் மற்றதும் ஒயினில் கரைகின்றன. இதற்கு அவசரம் கிடையாது. சாதாரண ஷாம்பெய்னுக்குச் சட்டப்படி குறைந்தது 15 மாதம். ஒரே வருஷத்து அறுவடையில் செய்து, லேபிளில் அந்த வருஷத்தைப் போட வேண்டுமென்றால் 3 வருஷம். நல்ல கம்பெனிகள் அதற்கும் மேலே போகின்றன. டோம் பெரிஞ்யோன் தன் 2008ஐ 2019இல்தான் கடைக்கு அனுப்பியது. ரேம்ஸ் நகரத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய பாதாள அறைகள் இருக்கின்றன. வருஷம் முழுக்க ஒரே குளிர். பத்து வருஷம் இருட்டில் படுத்துக் கிடக்கிறது.

வெளியே வரும்போது என்ன ஆகியிருக்கிறது? குமிழி சின்னதாகி, சாந்தமாகி இருக்கிறது. பச்சை ஆப்பிள் மாதிரி நறுக்கென்று இருந்த புளிப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது சுட்ட ரொட்டி வாசனை, பிறகு வறுத்த வேர்க்கடலை, கடைசியில் லேசாகத் தேன். பேக்கரியில் காலை ஐந்து மணிக்கு நுழைந்தது போல. இதைக் கேட்டு என் மனைவி, "அதுக்கு பேக்கரிக்கே போயிருக்கலாம்" என்றாள். அது வேறு விஷயம்.

நம் பாட்டிகளுக்கு இது தெரியாததா? கிருஷ்ணகிரி புளி மண்டியில் கேளுங்கள். சிவந்த புதுப் புளிக்குத்தான் விலை. கறுத்துவிடக் கூடாதென்று குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறார்கள். ஆனால் வத்தக்குழம்புக்கு என் அம்மா கை வைத்தது உப்பு போட்டுப் பானையில் அடைத்த பழைய கறுத்த புளியில்தான். புதுப் புளி நாக்கில் அடிக்கும், பழைய புளி குழம்போடு சேரும் என்பாள். அரிசியும் அப்படித்தான், புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக வரும்.

கலாச்சாரம் கேட்டவருக்கும் ஒரு வார்த்தை. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலைச் சங்கப் பாட்டுகள் பேசுகின்றன. யவனர் கொண்டுவந்த தேறலை அருந்தச் சொல்லிப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் ஜாடிகளின் உடைசல் கிடைத்தது. தமிழ் ஐயா இப்போது லைக் போடுவார் என்று நினைக்கிறேன்.

அதற்காக, பழையது எல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. 2010இல் பால்டிக் கடலில் ஒரு கப்பல் சிதைவிலிருந்து சுமார் 170 வருஷப் பழைய ஷாம்பெய்ன் 168 பாட்டில்கள் எடுத்தார்கள். நிபுணர்கள் ருசி பார்த்து முதலில் சொன்னது, நனைந்த முடி வாசனை! காற்றுப் பட்ட பிறகுதான் பூவும் புகையும் தோலும் வந்ததாம். குமிழி அநேகமாக இல்லை. பெரும்பாலான நுரை ஒயின்கள் வாங்கிய ஒன்றிரண்டு வருஷத்தில் குடிக்கவே செய்யப்பட்டவை. நாசிக் பக்கம் சூலாவும் ஷாந்தோனும் செய்வதும் அந்த வகைதான். அதை வாங்கி, ஓசூரில் தகரக் கூரைக்குக் கீழே பத்து வருஷம் வைத்தால் அமிர்தம் ஆகாது. விலையில் ஒரு பகுதி விளம்பரத்துக்குப் போகிறது என்பதும் உண்மை. நான் குடித்த பாட்டிலின் விலை சிப்காட்டில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளத்துக்கு மேலே. அந்த விலையைக் கேட்டபின் இரண்டாவது வாய் கொஞ்சம் சிரமமாகத்தான் இறங்கியது.

சிரமத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லேபிளில் இருந்த அந்த 2008.

அந்த வருஷம் மே மாதம் நம் எல்லையில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2007 ஜூலையில் கர்நாடகா பாக்கெட் சாராயத்தைத் தடை செய்தது. குடித்துப் பழகியவன் தடை வந்த மறுநாள் நிறுத்திவிடுவதில்லை. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் ஆனேக்கல், பெங்களூர், கோலார், நம் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இரண்டு மாநிலத்திலும் சேர்த்து 150க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகிறது, முதலில் கண்ணைத்தான் பிடிக்கிறது. அதை நான் வகுப்பில் ஒரு மார்க் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒரு மார்க் கேள்வியாக அதைக் கேட்கவே முடியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மறுபடி 60 உயிருக்கு மேல்.

அதே 2008 செப்டம்பரில் அங்கே திராட்சை பறித்து, பாட்டிலில் அடைத்து, பத்து வருஷம் காத்திருக்கிறார்கள். இங்கே ஒரு ராத்திரியில் கலந்து காலையில் விற்கிறார்கள். இரண்டுக்கும் தமிழில் நாம் வைத்திருப்பது ஒரே வார்த்தை, குடி.

மதுவிலக்கே வழி என்பவர்களுக்கு நம் மண்ணைத்தான் காட்ட வேண்டும். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது அன்றைய சேலம் மாவட்டத்தில். ஓசூரும் அதில் அடக்கம். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, வரி தங்கிவிட்டது. 2003இலிருந்து அரசே சில்லறைக் கடையும் நடத்துகிறது. ராஜாஜியின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேறு சட்டம் என்கிற ஊரில் ஒரு பக்கத் தடை அடுத்த பக்க வியாபாரம்.

என் கருத்து, குடியில் மனுஷனை உடைப்பதில் அவசரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஷாம்பெய்ன் குடிப்பவன் உட்கார்ந்து, சாப்பாட்டோடு, சின்னக் கிளாஸில் ஒரு மணி நேரம் குடிக்கிறான். அவனுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் இல்லை. நம் பையன் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் கடை வாசலில் நின்றபடி குவார்ட்டரைத் தண்ணீர் பாக்கெட்டோடு ஐந்து நிமிஷத்தில் கவிழ்க்கிறான். ருசி பார்க்க அதில் ஒன்றும் இல்லை, அவனுக்கு நேரமும் இல்லை. அவனைக் குடிகாரன் என்று திட்டுவதும், சுமார் ஐயாயிரம் மைல் தாண்டியிருக்கிறவனை ரசிகன் என்று புகழ்வதும் எனக்கு ஒப்பவில்லை.

அதனால், வசதி இருக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல பாட்டிலை நாலைந்து பேராகப் பகிர்ந்து நிதானமாகக் குடித்தால் நான் கோபப்பட மாட்டேன். குலுக்கிப் பீய்ச்சினால் கோபப்படுவேன், பத்து வருஷ வேலை அது. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கோபம் வேறு ஒரு இடத்தில். ராத்திரி லோடு இறக்க "ஆளுக்கு ஒரு குவார்ட்டர்" என்று பேரம் பேசும் ஒப்பந்தக்காரர்களும் சூப்பர்வைசர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களில் இரண்டு மூன்று பேர் என் கையில் பிராக்டிகல் மார்க் வாங்கியவர்கள். அந்தக் குவார்ட்டரின் விலையைக் கூலியோடு பணமாகச் சேர்த்துக் கொடுங்கள் தம்பி. கஷ்டம் என்றால் எனக்குத் தனியாகப் போன் போடுங்கள், பேசுவோம். காலை பத்து மணிக்கு மேல்.