போலி அனுப்புநர் முகவரி: மெயில் சர்வர் கட்டுப்பாடு குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

திருமுருகன்பூண்டி வட்டார ஏற்றுமதி, ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கான நமது பொது மெயில் சர்வரில், அனுப்புநர் முகவரி போலி என்று சோதனையில் தெரியும் மெயிலை வாங்காமலே திருப்பிவிடும் அமைப்பு நடைமுறையில் உள்ளது. அதை நீக்கக் கோரி உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் எழுதிக் கொடுத்துள்ளனர். அவர்களின் சிரமத்தைச் செயற்குழு உணர்கிறது. இருப்பினும் அமைப்பு நீடிக்க வேண்டும் என்பதே பெரும்பான்மைக் கருத்து.

மெயில் பரிமாற்றத்துக்கு 1982இல் வகுத்த எஸ்எம்டிபி விதிகளில், அனுப்புபவர் யார் என்று சரிபார்க்க வழி வைக்கவில்லை. ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் எவர் பெயரையும் எவரும் போடலாம். எந்தெந்த சர்வர் தன் பெயரில் அனுப்பலாம் என்று டொமைன் உரிமையாளர் அறிவிப்பது எஸ்பிஎஃப். மெயிலில் டிஜிட்டல் கையெழுத்து இடுவது டிகேஐஎம். இவ்விரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று அந்த உரிமையாளரே சொல்லிவைப்பது, 2012இல் முதலில் வெளியான டிமார்க். ‘ரிஜெக்ட்’ என்று அவர் சொல்லியிருந்தால் மட்டுமே நம் சர்வர் திருப்புகிறது. என் பெயரில் இப்படி வந்தால் வாங்காதே என்று ஆர்டர் தரும் பையரே எழுதிவைத்த பிறகு, அதை வாங்கி, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கையில் கொடுப்பது எந்த வகையில் சேவை?

இதில் சங்கம் முதன்மையாகக் கருதுவது பணத்தை. நம் யூனிட்டின் முகவரியிலிருந்தே வந்ததுபோல் பையருக்கு ஒரு மெயில் போகிறது. அதே லெட்டர்ஹெட், அதே ஆர்டர் எண், அதே பாக்கித் தொகை. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டது. பையர் பணம் கட்டிவிட்டேன் என்கிறார்; நமக்கு வந்து சேரவில்லை. அந்த ஷிப்பிங் பில்லுக்குப் பணம் எங்கே என்று நம் வங்கி நம்மையே கேட்கிறது. நூல் வியாபாரியும் டையிங்காரரும் காத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஓவர்லாக் டெய்லருக்கும் செக்கிங் செய்யும் பெண்ணுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நஷ்டம் முழுவதும் இப்படிச் சிறு யூனிட்டின் தலையில் இறங்குகிறது. உங்கள் மெயிலைத்தான் நம்பினோம் என்று கைகழுவும் பையர்களையும், பெயர் பொருந்துகிறதா என்று பாராமல் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கும் வங்கிகளையும் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. வேடர் வேடத்தில் வந்தவர்கள் நாயனார் சுந்தரரிடம் பறித்த பொருள் அவருக்குத் திரும்பக் கிடைத்தது என்பது நம் ஊர்த் தலபுராணம். வெளிநாட்டுக் கணக்குக்குப் போன டாலர் அப்படித் திரும்புவது அரிது. 2023இல் மட்டும் இவ்வகை வணிக மெயில் மோசடியில் 290 கோடி டாலருக்கு மேல் பறிபோனதாக எஃப்பிஐ-க்குப் புகார்கள் வந்தன.

உண்மையான மெயிலும் திரும்புகிறது என்பது நியாயமான ஆட்சேபம். ஃபார்வர்டு ஆகி வரும் மெயில் எஸ்பிஎஃப் சோதனையில் தவறலாம்; டிகேஐஎம் கையெழுத்து இருந்தால் பெரும்பாலும் தப்பும். பில்லிங், சம்பள சாஃப்ட்வேர்களும் நம் டொமைன் பெயரில் அனுப்புகின்றன. அவற்றை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்காததே பல சிக்கல்களுக்குக் காரணம். சோதனையில் தவறும் மெயிலை ஸ்பேமில் போட்டால் போதாதா என்கிறார்கள். போதாது. மெயில் ஸ்பேமில் விழுந்தது அனுப்பியவருக்குத் தெரியாது. திருப்பிய மெயில் அனுப்பியவருக்கு உடனே தெரியும், அவர் போன் செய்வார். தவிர, பையரின் ஆர்டர் மெயில் அங்கே கிடக்குமோ என்று தினமும் ஸ்பேமைத் திறந்து பார்ப்பது நம் மெர்ச்சண்டைசர்களின் வழக்கம். போலியும் அதே கையில்தான் சிக்கும்.

இயன்றவரை அனைவரையும் அனுசரித்து, நம் பெயரில் பையருக்குப் போகும் போலியைத் தடுக்க உறுப்பினர்களின் சொந்த டொமைன்களிலும் டிமார்க் அமைக்க உரிய அவகாசம் தரப்படும்: முதலில் அறிக்கை மட்டும், பிறகு குவாரண்டைன் (சந்தேக மெயிலாக ஒதுக்குவது), அதன்பின் ரிஜெக்ட். குறிப்பிட்ட பையருக்குத் தற்காலிக விலக்கு வேண்டுவோர் எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கப்படும். மற்றபடி உள்வரும் மெயிலுக்கான கட்டுப்பாடு தளர்த்தப்படாது. ஓரெழுத்து மாற்றிய டொமைனையும், பாஸ்வேர்டு திருடுபோன மெயில்பாக்ஸையும் இது தடுக்காது என்பது உண்மை. எனவே வங்கிக் கணக்கு மாற்றம் எதையும் மெயிலை நம்பி ஏற்காமல், முன்பே தெரிந்த போன் எண்ணில் பேசி உறுதி செய்ய வேண்டும் என்ற வரியை ஒவ்வொரு ஆர்டர் ஒப்பந்தத்திலும் சேர்க்கக் கோருகிறோம். ஆண்டுதோறும் பணம் வாங்கிக்கொண்டு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளைக்கூடச் சரியாக அமைக்காத ஹோஸ்டிங் ஏஜெண்டுகளிடம் உறுப்பினர்கள் இனி ரினியூவல் செய்ய வேண்டாம்.